காப்பீட்டு அட்டை இருக்க, மாத்திரைக்கு ஏன் கைக்காசு?

ஒருவர் கேட்டிருந்தார்: அம்மாவுக்கு வயது 61. நெல்லை மாவட்டம் முக்கூடலில் இருக்கிறார், இன்னமும் பீடி சுற்றுகிறார். சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. மாதம் 2,150 ரூபாய்க்கு மாத்திரை. ஏறக்குறைய அரை மாதக் கூலி அதிலேயே போய்விடுகிறது. முதல்வர் காப்பீட்டுத் திட்ட அட்டை பீரோவில் கிடக்கிறது. ‘அனைவருக்கும் மருத்துவம்’ என்று பேசுகிறார்கள், அட்டையும் கொடுத்துவிட்டார்கள், அப்புறம் மாத்திரைக்கு மட்டும் ஏன் கையிலிருந்து போகிறது? மலிவு விலைக் கடையில் விற்கிற மாத்திரை உண்மையிலேயே கேட்குமா?

தம்பி, நீங்கள் படமெடுத்து அனுப்பிய பில்லில் ஆறு வரி இருக்கிறது. சுகருக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, தைராய்டுக்கு ஒன்று, ‘நரம்புச் சத்து’ ஒன்று, கேஸ் மாத்திரை ஒன்று. உங்கள் அம்மாவைக் காத்து நிற்பவை முதல் நான்கும்தான். அந்த நான்கும் சேர்ந்து ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை. மிச்சம் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் நரம்புச் சத்துக்கும் கேஸுக்கும் போயிருக்கிறது. இதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். முதலில் அட்டையைப் பேசுவோம்.

முப்பது வருஷம் அரசு மருந்தாளுநராக இருந்தவன் நான். அம்பாசமுத்திரம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் பாதி, பாளையங்கோட்டையில் மீதி. மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு உள்பக்கம் நின்று பார்த்தவன் என்ற முறையில்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

காப்பீட்டுத் திட்டம் 2009-இல் கலைஞர் பெயரில் தொடங்கியது. 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானது. 2018-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த ஆயுஷ்மான் பாரத் திட்டமும் அதோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை செலவை ஏற்கிறது. நல்ல திட்டம், குறை சொல்ல வரவில்லை. நெஞ்சு அறுவைக்கு நிலத்தை விற்றுவிட்டு வந்தவர்களை 2009-க்கு முன்னால் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். ஆனால் அது கட்டிலுக்கான திட்டம். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் அது கண் திறக்கும். ஆயுஷ்மான் பாரத்தின் விதியில், சேர்வதற்கு முன் 3 நாள், வீட்டுக்கு அனுப்பிய பின் 15 நாள் மருந்து அடக்கம். பதினாறாவது நாள் காலையில் போடுகிற மாத்திரை உங்கள் பாடு.

சுகரும் பிரஷரும் கட்டில் நோய்கள் அல்ல. சரியாக மாத்திரை போட்டால் கட்டில் பக்கமே போகாமல் எண்பது வயது வரை ஓட்டிவிடலாம்.

கடையம் பக்கம் ஒரு ஊரில் ஒரு பாட்டி இருந்தார். பெயர் வேண்டாம், ஊரே அவரை ஆச்சி என்றுதான் கூப்பிடும். மடியில் சுளவு (முறம்), அதில் புகையிலைத் தூள், பக்கத்தில் நனைத்த பீடி இலை. மெடிக்கலில் போய் ‘நாலு மாத்திரை மட்டும் வெட்டிக் குடுங்க அண்ணாச்சி’ என்று வாங்கி வருவார். வீட்டுக்கு வந்ததும், பீடி இலை வெட்டுகிற அதே கத்தரியால் அந்தத் துண்டை ஒவ்வொரு மாத்திரையாக நறுக்கி, ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்துக்கொள்வார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒன்று. டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன் ஒரு தடவை. எந்தத் துண்டிலும் முழுப் பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை. ஏழெட்டுத் துண்டில் பிரஷர் மாத்திரை எது, சுகர் மாத்திரை எது என்று எனக்கே நிதானிக்க நேரமானது. ‘ஏன் ஆச்சி, தினம் ஒண்ணு போடணும்லா?’ என்று கேட்டால், ‘போடாத அன்னைக்கும் ஒண்ணும் செய்யலியே அய்யா’ என்பார்.

இந்த இரண்டு நோயின் சூதே அதுதான். பல் வலித்தால் கடன் வாங்கியாவது போவோம். ரத்த அழுத்தம் 180-இல் நின்றாலும் சுளவில் பீடி ஓடிக்கொண்டுதான் இருக்கும். வலிக்காத நோய்க்கு மாதாமாதம் காசைக் கொடுப்பது, இல்லாதவர் வீட்டில் முதலில் வெட்டு விழுகிற செலவு. ஆறேழு வருஷம் கழித்து ஆச்சிக்கு முகமும் காலும் வீங்கியது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. அன்றைக்குத்தான் காப்பீட்டு அட்டை பீரோவிலிருந்து வெளியே வந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ், செலவைத் திட்டம் ஏற்றுக்கொண்டது. கூட ஒரு ஆள், பஸ், சாப்பாடு, மகளின் கூலி நஷ்டம் எல்லாம் வீட்டுக் கணக்கு. நாளுக்குச் சில ரூபாய் மாத்திரையைக் கொடுக்காத ஏற்பாடு, வருஷத்துக்கு லட்சக்கணக்கில் டயாலிசிஸுக்குக் கொடுத்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், நீங்கள் எதிர்பார்த்ததற்கு நேர் மாறானது. அட்டை கொடுத்துவிட்டு மாத்திரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது, அஸ்திவாரம் போடாமல் மொட்டைமாடிக்குத் தளம் போடுகிற வேலை. மலிவான, தட்டாமல் கிடைக்கிற மருந்துதான் முதலில் வர வேண்டும். அது இல்லாத ஊரில் காப்பீடு வருஷா வருஷம் வீங்கிக்கொண்டே போகும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1977-லேயே அத்தியாவசிய மருந்துகளின் முதல் பட்டியலைப் போட்டது. மறு வருஷம் அன்றைய சோவியத் நாட்டின் அல்மா ஆட்டா நகரில் கூடிய நாடுகள் ஆரம்ப சுகாதாரத்தின் அங்கங்களில் ஒன்றாக அத்தியாவசிய மருந்தையும் சேர்த்தன. 2010-இல் அதே நிறுவனம் அனைவருக்கும் மருத்துவம் என்பதை மூன்று கேள்விகளாகப் பிரித்தது: எத்தனை பேருக்கு, எந்தெந்தச் சிகிச்சைக்கு, செலவில் எவ்வளவு பங்கு? நம் அட்டை முதல் கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்கிறது. இரண்டாவது கேள்வியில்தான் ஓட்டை: கட்டில் உண்டு, வெளிநோயாளி மாத்திரை இல்லை. 2011-இல் ஸ்ரீநாத் ரெட்டி தலைமையில் திட்டக் குழு அமைத்த நிபுணர் குழு, மருந்துக்கு அரசு செலவிடுவதை நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாக உயர்த்தி, அத்தியாவசிய மருந்தை இலவசமாகக் கொடுக்கச் சொன்னது. இந்தியாவில் மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசின் பங்கு 2013-14-இல் 64.2 சதவீதம், 2021-22-இல் 39.4 என்று தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. குறைந்திருக்கிறது, சரி. ஆனாலும் நூறில் நாற்பது ரூபாய் இன்னும் மடியிலிருந்துதான் போகிறது, அதில் பெரும்பங்கு மருந்துக் கடைக்கு.

அந்த நிபுணர் குழு உட்பட யார் மருந்தைப் பற்றிப் பேசினாலும் ஒரு உதாரணத்தைக் காட்டுவார்கள். அது நம்முடையது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், 1994-இல் தொடங்கியது. அதற்கு முந்தைய காலத்தில் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் போக்கில் வாங்கும். ஒரு இடத்தில் ஒரே மருந்து மலையாகக் கிடந்து காலாவதியாகும், பக்கத்து ஊரில் அது இருக்காது. கழகம் வந்தபின், மாநிலம் முழுவதுக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தப்புள்ளி. கம்பெனிப் பெயரில் அல்ல, மருந்தின் மூலப் பெயரில் (ஜெனரிக் பெயர்). முதல் உறையில் தொழிற்சாலையின் தகுதி, இரண்டாவது உறையில் விலை. முதல் உறையில் தேறாதவரின் இரண்டாவது உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். ஏழரைக் கோடி ஜனத்துக்கு மொத்தமாக வாங்குகிறவனுக்கு விலை எங்கே போய் நிற்கும் என்று நெல்லை நயினார்குளம் மொத்த மார்க்கெட்டில் மூட்டை எடுக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மருந்து மாவட்டக் கிடங்குக்கு வரும். வந்ததும் விநியோகம் கிடையாது. ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும் (பேட்ச்) மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, ரகசிய எண் போட்டு ஆய்வகத்துக்குப் போகும். தேறினால்தான் வெளியே வரும். அப்புறம் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ் புத்தகம். வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புக்கு எடுக்கலாம் என்று எழுதியிருக்கும். எடுக்க எடுக்கக் கழிப்பார்கள். உங்கள் அம்மாவிடமும் பீடிக்கடையில் பதிகிற பாஸ் புத்தகம் இருக்கும். ‘உங்களுக்கும் புத்தகம்தானா அய்யா’ என்று என் ஜன்னலில் ஒரு பெண் சிரித்தார். இரண்டிலும் கணக்கு ஒன்றுதான்: எழுதி வைத்தால் தப்பாது. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2-ஆம் தேதி தன் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது இங்கே பார்த்துவிட்டுப் போன முறையைத்தான் எடுத்துக்கொண்டது.

இவ்வளவும் இருக்க, உங்கள் அம்மா ஏன் கடையில் 2,150 கொடுக்கிறார்? அதிலும், உலகத்துக்கே மலிவு மருந்து செய்து அனுப்புகிற நாட்டில்?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1970-இல் இயற்றி 1972-இல் நடைமுறைக்கு வந்த காப்புரிமைச் சட்டம், மருந்து என்ற பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. செய்முறைக்கு மட்டும் தந்தது. வேறு வழியில் அதே மருந்தைச் செய்தால் தப்பில்லை. நம் ஊர் வேதியியல்காரர்கள் செய்து காட்டினார்கள். 2001-இல் எய்ட்ஸ் கூட்டு மருந்துக்கு மேல்நாட்டு விலை ஓர் ஆளுக்கு வருஷம் பத்தாயிரம் டாலருக்கு மேல் இருந்தபோது, நம் நாட்டு சிப்லா கம்பெனி 350 டாலருக்குத் தருகிறேன் என்றது; ஆப்பிரிக்காவில் அதற்குப் பிறகுதான் மருந்து ஏழையின் கைக்குப் போனது. உலக வர்த்தக ஒப்பந்தப்படி 2005-இல் பொருள் காப்புரிமையை ஏற்றுக்கொண்டோம், ஆனால் கதவை முழுக்கத் திறக்கவில்லை. பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதுக் காப்புரிமை கேட்டால் கிடையாது என்கிற 3(ஈ) பிரிவை வைத்தார்கள். ரத்தப் புற்றுநோய் மருந்து கிளீவெக்குக்கு நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையை 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை வைத்துத்தான் மறுத்தது. அதற்கு ஒரு வருஷம் முன்பு, 2012 மார்ச்சில், பேயர் கம்பெனி மாதம் 2,80,000 ரூபாய்க்கு விற்ற நெக்ஸாவர் என்கிற புற்றுநோய் மருந்தை நம் நாட்டு நாட்கோ கம்பெனி செய்து விற்கக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமைக்காரர் சம்மதம் இல்லாமலே செய்கிற அனுமதி, கொடுத்தார்கள். விலை ஒன்பதாயிரத்துக்குக் கீழே வந்தது. ஒரு மருந்தைச் செய்ய ஆகிற செலவுக்கும் அதன் விலைக்கும் எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டாம்.

உங்கள் அம்மாவின் சுகர் மாத்திரைக்கு இந்தச் சண்டையெல்லாம் இல்லை. மெட்ஃபார்மின் பழைய மருந்து, காப்புரிமை தொல்லை கிடையாது, யார் வேண்டுமானாலும் செய்யலாம். செய்கிறார்கள். ஒரே மெட்ஃபார்மினை எத்தனையோ பெயரில் விற்கிறார்கள். இங்கேதான் இடிக்கிறது. மற்றச் சரக்கில் பத்துப் பேர் விற்றால் விலை இறங்கும். மருந்தில் எழுதுகிறவர் ஒருவர், காசு கொடுக்கிறவர் இன்னொருவர். சீட்டில் எழுதிய பெயரை மாற்றித் தரச் சட்டமும் மெடிக்கல்காரரை விடுவதில்லை. நோயாளி பேரம் பேச முடியாது. அதனால் கம்பெனிகள் நோயாளியிடம் போட்டி போடுவதில்லை, எழுதுகிற பேனாவிடம் போட்டி போடுகின்றன. டாக்டரைப் பார்க்க வருகிற கம்பெனி ரெப், பரிசு, மாநாடு எல்லாச் செலவும் மாத்திரை அட்டையின் விலையில் ஏறி உட்காரும்.

அரசு விலைக்கு உச்சவரம்பு வைக்கிறதே என்பீர்கள். வைக்கிறது. 1997 முதல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு வைக்கிற ஸ்டென்ட் விலையை அது முப்பதாயிரத்துக்குள் இறக்கியபோது எத்தனை குடும்பம் மூச்சுவிட்டது என்று நான் பார்த்தேன். மாத்திரை விஷயத்தில் 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் கணக்கு எனக்குச் சம்மதமில்லை. அதற்கு முன்பு தயாரிப்புச் செலவைப் பார்த்து விலை வைத்தார்கள். 2013 முதல், சந்தையில் 1 சதவீதத்துக்கு மேல் பங்குள்ள பிராண்டுகளின் விலையைச் சராசரி எடுத்து, அதன் மேல் கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்த்து உச்சவரம்பு. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் இளநீர் என்ன விலைக்கு விற்கிறது என்று பத்து வண்டியைச் சராசரி போட்டு, ‘இதற்கு மேல் விற்காதே’ என்று வருஷம் முழுவதுக்கும் சட்டம் போட்டால் எப்படி? அதுதான் இது. அதுவும் தேசிய அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துக்குத்தான் இந்த வரம்பு; 2022 பட்டியலில் 384 மருந்துகள். அதில் சொல்லாத வீரியத்திலோ, இன்னொன்றைச் சேர்த்துக் கூட்டு மாத்திரையாகவோ செய்தால் பெரும்பாலும் வரம்புக்கு வெளியே நின்றுகொள்ளலாம். வருஷம் 10 சதவீதம் வரை விலையையும் ஏற்றலாம். உங்கள் அம்மா பில்லில் உள்ள நரம்புச் சத்து மாத்திரையைத் திருப்பிப் பாருங்கள். ஒன்பது பொருள் சேர்ந்த கூட்டு. விலை ஏன் அவ்வளவு என்று புரியும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: மலிவு மாத்திரை கேட்குமா?

வீட்டில் இருக்கிற பிராண்டு மாத்திரை அட்டை ஒன்றைத் திருப்புங்கள். பொடி எழுத்தில் இரண்டு முகவரி இருக்கும்: தயாரித்தவர், விற்பவர். பல அட்டையில் இரண்டும் வேறு வேறு. ஹிமாச்சலத்தில் பட்டி (Baddi) என்கிற ஊரிலோ, சிக்கிமிலோ, உத்தராகண்டிலோ ஒரு தொழிற்சாலை செய்கிறது, மும்பை கம்பெனி தன் பெயரை ஒட்டி விற்கிறது. அதே மாதிரியான தொழிற்சாலைகள்தான் மலிவு விலைக் கடைக்கும் சரக்கு செய்து தருகின்றன. பெரிய பெயர் இருந்தால் நல்ல மருந்து, சின்ன விலை என்றால் மட்டம் என்பது நம்பிக்கை மட்டும்தான். 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்சாலை ஒன்றில் செய்த இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் செத்துப்போனார்களே, அதில் இருந்தது டைஎத்திலீன் கிளைக்கால் என்கிற விஷம். அது பெயர் போட்டுக் கடையில் விற்ற பிராண்டு மருந்துதான். பரிசோதனை இருந்தால் மருந்து நம்பகம், இல்லாவிட்டால் எந்த விலையிலும் இல்லை. இந்த நாட்டில் பலவீனம் பரிசோதனையில் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. எளிதில் கரையாத மருந்துகள் உடம்பில் மூல மருந்துக்குச் சமமாகச் சேர்கின்றனவா என்று நிரூபிக்க வேண்டும் என்ற விதியே 2017-இல்தான் வந்தது.

அரசு மாத்திரை மேல் நம் ஜனங்களுக்கு உள்ள சந்தேகம் தரத்தால் வந்ததைவிடத் தோற்றத்தால் வந்தது என்பது என் அனுபவம். ஒப்பந்தம் மாறினால் கம்பெனி மாறும், கம்பெனி மாறினால் நிறம் மாறும். ‘போன மாசம் வெள்ளை குடுத்தீக, இந்த மாசம் மஞ்சளா இருக்கே, மாத்திக் குடுத்துட்டீகளோ’ என்று ஜன்னலில் தினம் நாலு பேராவது கேட்பார்கள். பொறுமையாகச் சொல்ல வேண்டும். பின்னால் அறுபது பேர் நிற்கும்போது பொறுமை எங்கே வரும்? நானே எரிந்து விழுந்திருக்கிறேன். அப்படி எரிந்து விழுந்த நாளில் ஒருத்தர் மாத்திரையைக் குப்பையில் போட்டிருந்தால் அதில் என் பங்கும் உண்டு. இன்னொன்று, மருந்து வராத மாதங்களும் இருந்திருக்கின்றன. ‘அடுத்த வாரம் வாங்க’ என்று சொல்லி அனுப்புவது, இருபது மைலிலிருந்து கூலியை விட்டு வந்தவருக்கு ‘கடையில் வாங்கிக்கோ’ என்று சொல்வதற்குச் சமம். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமானது 2021-இல். பஸ் இலவசம், மருந்து இலவசம். அன்றைக்குச் சுற்றாத பீடிக்குக் கூலி யார் கொடுப்பது?

அதற்கு ஓரளவு பதில் சொன்னது மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. உள்ளூர்ப் பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, சுகர் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். 2024-இல் ஐக்கிய நாடுகளின் விருதும் கிடைத்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, கடையம் ஆச்சி மாதிரி ஒருவரின் டப்பாவை மாதம் ஒரு தடவை யாரோ ஒருவர் திறந்து பார்க்கிறார் என்பது.

ஒன்று நினைவுக்கு வருகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஊருக்குள் வந்ததே, அப்போது நான் ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரு முகாமில் போய் உட்கார்ந்தேன். சிந்துபூந்துறை, கைலாசபுரம் பக்கமிருந்து கட்டிய சேலையோடு வந்தவர்கள். மாத்திரைப் பை ஆற்றோடு போய்விட்டது. ‘என்ன மாத்திரை போடுதீக?’ என்றால், ‘ரோஸ் கலர் அட்டை, சின்ன மாத்திரை’ என்று பதில். வேறு சிலர் ஒரு பிராண்டுப் பெயரைச் சொல்வார்கள், அதே பெயரின் முன்னாலோ பின்னாலோ ஒரு எழுத்து கூடினால் மருந்தே வேறாகிவிடும். மருந்தின் மூலப் பெயரைத் தெரிந்து வைத்திருந்தவர்களுக்கு ஐந்து நிமிஷத்தில் கையில் கொடுத்து அனுப்பினேன். ‘அம்லோடிபின் அஞ்சு’ என்று பிரஷர் மாத்திரையின் மூலப் பெயரையும் வீரியத்தையும் சொன்ன ஒரு ஆட்டோக்காரரை நான் இன்னும் மறக்கவில்லை. மூலப் பெயரில் எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது காசுக்காக மட்டும் இல்லை. 1975-லேயே ஒன்றிய அரசு அமைத்த ஹாத்தி குழு பிராண்டுப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்கச் சொன்னது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் மூலப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று விதி போட்டது; எதிர்ப்பு வந்ததும் அதே மாதத்தில் நிறுத்தி வைத்துவிட்டது.

மலிவு என்றால் எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு இன்னொரு உதாரணம். 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணைச் சுகாதார நிலையங்களிலும் ‘இதயம் காப்போம்’ என்று மூன்று வகையில் மொத்தம் 14 மாத்திரை வைத்திருக்கிறார்கள்: ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின். எல்லாம் காப்புரிமை தீர்ந்த, சில்லறைக் காசுச் சரக்கு. நெஞ்சு வலியோடு ஒருவர் வந்தால் அதை உடனே கொடுத்துவிட்டு ஆம்புலன்சில் ஏற்றுகிறார்கள். மாஞ்சோலை மாதிரி இடத்திலிருந்து மலையிறங்கிப் பாளையங்கோட்டை வந்து சேர எத்தனை மணி நேரமாகும் என்று நம் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தைத் தாங்க வைப்பது இந்த 14 மாத்திரை. காப்பீட்டில் செய்கிற ஸ்டென்ட்டுக்கு ஆள் உயிரோடு போய்ச் சேர வேண்டுமே.

சரி, உங்கள் அம்மா விஷயத்துக்கு வருவோம். பில்லை இறக்க மூன்று வழி உண்டு. முதல் வழி முக்கூடல் சுகாதார நிலையம். சுகர், பிரஷர், கொழுப்பு மூன்றுக்கும் அங்கே மாத்திரை இலவசம். தன்னார்வலர் பட்டியலில் பெயர் சேர்த்துவிட்டால் வீட்டுக்கே வரும். பீடித் தொழிலாளர் நல நிதி மருத்துவமனைக்கும் அவருக்கு உரிமை உண்டு. அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே கிடைக்காததை மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கலாம். முன்னது ஒன்றிய அரசு 2008-இல் தொடங்கியது. முன்னணி மூன்று பிராண்டுகளின் சராசரி விலையில் பாதிக்கு மேல் வைக்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு, பல மருந்து அதைவிட இன்னும் கீழே இருக்கும். பின்னது மாநில அரசு 2025 பிப்ரவரி 24-இல் திறந்தது, மாநிலம் முழுக்க 1,000 கடை; கூட்டுறவுச் சங்கங்களும் மருந்தியல் படித்தவர்களும் நடத்துகிறார்கள். 2025 செப்டம்பரில் மருந்துக்கான ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியதால் சாதாரண மெடிக்கலிலும் கொஞ்சம் குறைந்திருக்கும், பழைய பில்லோடு ஒத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. சாதாரண மெடிக்கலில் ‘ஜெனரிக் தரட்டுமா’ என்று ஒரு அட்டையை எடுத்துக் கொடுப்பார்கள். அதில் அச்சடித்த விலை பிராண்டு விலைக்குப் பக்கத்திலேயே இருக்கும், கடைக்காரர் வாங்கிய விலை அதில் ஒரு சிறு பங்குதான். ‘உங்களுக்காக இருபது சதவீதம் தள்ளுபடி’ என்பார். பெயர் ஜெனரிக், லாபம் அவருக்கு. மலிவு விலைக் கடையின் விலையைத் தெரிந்துகொண்டு அப்புறம் பேசுங்கள்.

நரம்புச் சத்தையும் கேஸ் மாத்திரையையும் நான் நிறுத்தச் சொல்லவில்லை. நான் டாக்டர் இல்லை. அடுத்த தடவை போகும்போது ‘இந்த ரெண்டும் இன்னும் வேணுமா டாக்டர்?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மெட்ஃபார்மின் வருஷக்கணக்காகப் போடுகிறவர்களுக்கு பி12 குறைவது உண்டு. அப்படிக் குறைந்திருந்தால் பி12 மட்டும் போதும், ஒன்பது பொருள் கூட்டு எதற்கு என்பது கேட்க வேண்டிய கேள்வி. கேட்டால் கோபப்படுகிற டாக்டர்கள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. நம் ஆட்கள் கேட்பதே இல்லை.

தைராய்டு மாத்திரையை மட்டும் மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று மாற்ற வேண்டாம். அது மைக்ரோகிராம் கணக்கில் வேலை செய்கிற மருந்து, சிறு வித்தியாசமும் காட்டும். வலிப்பு மாத்திரைக்கும் ரத்தம் உறையாமல் கொடுக்கிற வார்ஃபரினுக்கும் இதே பேச்சுதான். எதைப் போடுகிறாரோ அதையே போடட்டும். தைராய்டு மாத்திரையை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லி மாற்றி, ஆறு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அப்புறம், எங்கே வாங்கினாலும் அட்டையைத் துண்டு போடாமல் முழுசாக வாங்குங்கள். அம்மா வீட்டில் கத்தரி எப்போதும் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கும். மாத்திரையை அட்டையிலிருந்து எடுக்கிறபோது பெயர் இல்லாத பக்கத்திலிருந்து எடுத்து வரச் சொல்லுங்கள், கடைசி மாத்திரை வரைக்கும் பெயரும் தேதியும் மிச்சம் இருக்கும்.